நன்கு உலர்ந்த தேயிலையில் ஈரமானி ஏன் குறைத்துக் காட்டுகிறது?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், கொள்ளளவத்தைக் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறனை) கொண்டு ஈரத்தைக் கணிக்கும் சிறிய ஈரமானியாலும், 103 பாகை செல்சியசில் உலர்த்தி நிறை இழப்பைப் பார்க்கும் அடுப்பு முறையாலும் மாதிரிகளைச் சோதிக்கிறோம். அரைகுறையாக உலர்ந்த தூளில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அடுப்பு முறையில் 3 சதவீதம் வரும் தூளிலோ, ஈரமானி அதில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை. பற்றரியை மாற்றியும் பயனில்லை. கருவி பழுதா?

பதில் (பண்டாரவளை):
தம்பி, கருவியை ஒதுக்கிவிட வேண்டாம். அது நீரின் அளவை நேரடியாக அறிவதில்லை; மின்புலத்துக்கு ஏற்ப நீர் மூலக்கூறுகள் எவ்வளவு திரும்புகின்றன என்பதிலிருந்தே ஈரத்தை ஊகிக்கிறது. கட்டின்றிக் கிடக்கும் நீரின் மின்னுழைய மாறிலி (அப்படித் திரும்பி மின்புலத்துக்கு ஈடுகொடுக்கும் அளவைக் காட்டும் எண்) அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 80. உலர்ந்த இலைப்பொருளுக்கு அது மிகக் குறைவு. ஆனால் உலர்த்தியைத் தாண்டியும் எஞ்சும் நீர், செல்லுலோசு இழைகளுக்கு இடையே சில மூலக்கூறுகளே நுழையக்கூடிய இடுக்குகளில் ஐதரசன் பிணைப்புகளால் சுவரோடு ஒட்டியிருப்பதால், அதற்குத் திரும்ப இடமிருப்பதில்லை. 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிராஃபைட்டுக்கும் போரன் நைத்திரைட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் தடிப்புக்கு ஒடுக்கிய நீரில், சுவருக்குச் செங்குத்தான திசையில் அம்மாறிலி 2 அளவுக்கு வீழ்ந்திருப்பதை அளந்தார்கள். தேயிலையின் இடுக்குகள் அவ்வளவு சீரானவை அல்ல. ஆகவே அந்த 2ஐ வைத்துத் திருத்தக் கணக்குப் போட வேண்டாம் (போட ஆசை வரும்).

பதில் (பதுளை):
இன்னொன்றையும் கவனியுங்கள். நீர் நனைக்கும் ஒன்றரை நனோமீற்றர் ஆரையுள்ள துளையில், கெல்வின் சமன்பாட்டின்படி, சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் இருக்கும் பங்கு) 50 சதவீதத்தை எட்டும்போதே ஆவி நீராகப் படியத் தொடங்கும். நம் மலையகத்து மூடுபனியில் திறந்து வைத்த தூள் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். எனவே இரண்டு சோதனைகளுக்கும் ஒரே டின்னிலிருந்து ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள்.

கேள்வி (ஹட்டன்):
நன்றி ஐயா. அப்படியானால் ஒரே திருத்தம் எல்லாத் தரங்களுக்கும் போதுமா?

பதில் (பண்டாரவளை):
போதாது. பி.ஓ.பி.யும் (உடைந்த இலைத் தரம்) டஸ்டும் (நுண்தூள் தரம்) கருவியின் கிண்ணத்தில் ஒரேயளவு நெருக்கமாக அமர்வதில்லை. ஒவ்வொரு தரத்துக்கும் 2 முதல் 6 சதவீதம் வரையான சில மாதிரிகளை அடுப்பில் அளந்து, அவற்றுக்கு ஈரமானி காட்டும் எண்களோடு தனி வரைபு கீறுங்கள். உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு அளக்க வேண்டாம். மூடிய டின்னில் ஆறவிட்ட பின் அளவுங்கள்.