டஸ்ட் கேப்பை வெட்டாமல் வூஃபருக்கு ஃபோம் மாற்றலாமா?

சுருள்கம்பி:
"டஸ்ட் கேப்பை வெட்டி ஷிம் வைக்காமல் ஃபோம் மாற்றுவது ஏமாற்று வேலை" என்று ஈயப்பற்று நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. புதியவர்களுக்கு: வூஃபர் என்பது பாஸ் ஸ்பீக்கர்; கோன் அதில் அதிரும் கூம்பு; ஃபோம் கோனின் விளிம்பை ஃபிரேமோடு இணைக்கும் வளையம்; டஸ்ட் கேப் கோனின் நடுவில் இருக்கும் மூடி; ஷிம் அதைத் திறந்து காயிலைச் சுற்றிச் செருகும் மெல்லிய தகடு. 20 ஜோடிக்கு மேல் மாற்றிவிட்டேன். ஒரு கேப்பில்கூடக் கத்தி வைத்ததில்லை. காந்த இடைவெளியில் ஓடும் கம்பிச்சுருளான காயிலை நடுவில் பிடித்திருப்பது ஸ்பைடர், கோனுக்குப் பின்னால் இருக்கும் மடிப்புத் துணி வளையம். அது தொய்யாமல் இருந்தால், ஃபோமை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட வேண்டும். அப்புறம் ஃபிரேமில் ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் டோனை மெல்லக் கொடுத்தால் போதும். உரசினால் காதில் விழும். பசை இறுகுவதற்குள் விரலால் நகர்த்திவிடலாம்.

ஈயப்பற்று:
காதில் விழுமாம்! காயிலைச் சுற்றி இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதைக் காதால் அளப்பவருக்குக் கைதட்ட வேண்டியதுதான். ஷிம் வைத்தால் நாலு பக்கமும் சமம், பேச்சே இல்லை. கேப்பை வெட்டித்தான் ஆக வேண்டும்.

பழையபெட்டி:
அண்ணே, ஒரு சந்தேகம். பழைய ஜோடி ஒன்று வாங்கினேன். ஃபோமைத் தொட்டாலே கறுப்புப் பிசினாக விரலில் அப்புகிறது. 8 ஓம் வூஃபர், மல்டிமீட்டரில் 6.2 காட்டுகிறது. காயில் போய்விட்டதா?

சுருள்கம்பி:
பழையபெட்டி, 6.2 சரிதான், 8 ஓம் வூஃபரில் மீட்டர் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், காயில் உயிரோடு இருக்கிறது. பழைய பிசினை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுங்கள், அவசரம் வேண்டாம்.
ஈயப்பற்று தம்பிக்கு: வெட்டிய கேப்புக்குப் பதில் கனமான புதுக் கேப்பும் தாராளமாகப் பசையும் போட்டால் கோனின் எடை கூடும். எடை மாறினால் பாஸும் மாறும். இதற்கு என்ன பதில்?

ஈயப்பற்று:
யாருக்கு யார் தம்பி? போன முறை ஆம்ப் கெபாசிட்டர் வாதத்தில் என்னிடம் தோற்றதை இன்னும் மறக்கவில்லை போல. ஷிம் வைக்காத வேலை, வேலையே இல்லை.

ஒலிப்பித்தன்:
ஃபோமே எதற்கு? ரப்பர் போட்டால் ஃபோம் மாதிரி சீக்கிரம் மட்காது.

சுருள்கம்பி:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். 1954-இல் வந்த ஏஆர்-1 ஸ்பீக்கர் முதல், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங். அதனால்தான் அந்த வகை வூஃபரின் கோனை அவ்வளவு தளர்வாக விட்டிருக்கிறார்கள். விறைப்பான ரப்பரை ஒட்டினால் ஒத்ததிர்வு, அதாவது கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண், மேலே ஏறும், அடிபாஸ் போய்விடும். பெட்டி மட்டும் அழகாக இருக்கும்.

ஒலிப்பித்தன்:
என் பெட்டியில் ரப்பர்தான், பாஸ் பிரமாதம். நீங்கள் கேட்டுவிட்டா சொல்கிறீர்கள்?

பழையபெட்டி:
ஃபோம் முழுக்க எடுத்துவிட்டேன். விரல்களைப் பரப்பி கோனை நேராக அழுத்தினால் ஒரு பக்கம் கர்கர் என்கிறது.

ஈயப்பற்று:
பார்த்தீர்களா! கேப்பை வெட்டுங்கள், ஷிம் வையுங்கள்.

சுருள்கம்பி:
அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ஃபோமே இல்லாதபோது உரசுகிறது என்றால் ஸ்பைடர் தொய்ந்திருக்கலாம், அல்லது எப்போதோ கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கலாம். காந்தம் நகர்ந்திருந்தால் ஷிம் உள்ளேயே போகாது. ஸ்பைடர் கோணலாக இருந்தால், ஷிம்மை உருவியதும் காயில் பழைய இடத்துக்கே இழுக்கும். ஃபோம் எத்தனை நாள் அதை எதிர்த்து நிற்கும்?

ஈயப்பற்று:
உள்ளே குப்பை இருந்தாலும் கர்கர்தான். கேப்பை வெட்டாமல் அதை எப்படிப் பார்ப்பீர்கள்? காதாலா?

சுருள்கம்பி:
20 ஜோடி. ஒன்றுகூட உரசியதில்லை. மறுபடியும் சொல்கிறேன், 20 ஜோடி.

ஈயப்பற்று:
20 ஜோடியிலும் ஷிம் இல்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பழையபெட்டி:
அப்படியானால் நான் வெட்டவா, வேண்டாமா?