லா ரோக் கஜாக் போனவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. செப்டம்பர்ல அம்மாவோட பிரான்ஸ் போறேன். பாரிஸ் பார்த்த பிறகு தென்மேற்கே தோர்தோன் ஆற்றங்கரையில இருக்கிற லா ரோக் கஜாக் கிராமத்துல 2 நாள் தங்க ஆசை.

படத்துல பார்த்ததுமே விழுந்துட்டேன். முன்னால ஆறு, பின்னால செங்குத்துப் பாறை, நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்கிற தேன் நிறக் கல் வீடுகள். பாறை தெற்கு பார்த்து இருக்கிறதால வெயில் நல்லா விழுது, குளிர் காத்தும் மறையுது. அதனால பனை, வாழை எல்லாம் வளர்த்து வச்சிருக்காங்க. பிரான்ஸ்ல வாழை மரமான்னு அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்! அதே பாறைதான் 1957ல சரிஞ்சு விழுந்து வீடுகளை நொறுக்கி உயிர்ச்சேதமும் ஆச்சாம். அதை மட்டும் அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

அந்தக் காலத்துல மரமும் ஒயினும் ஏத்திக்கிட்டு ஆத்தோட போன 'கபார்' தட்டைப் படகு மாதிரியே இப்போ சுற்றுலாவுக்கு ஓட்டுறாங்க. அதுல அம்மாவை ஏத்தியே ஆகணும்.

இப்போ என் சந்தேகம். போர்தோ நகரத்துல இருந்து, கிராமத்துக்குப் பக்கத்துல இருக்கிற சார்லா ஊர் வரை ரயில் இருக்கு. அங்கிருந்து கிராமத்துக்குக் கார் இல்லாம போக முடியுமா? டாக்சியை முன்னாடியே சொல்லி வைக்கணுமா? மேல இருக்கிற சின்ன சர்ச் வரைக்கும் முட்டி வலி உள்ளவங்க ஏறிடலாமா? படகுல ஏற படி எப்படி?

இன்னொண்ணு, அந்தப் பக்கம் எங்க போனாலும் வாத்துக் கறிதான். அம்மா சுத்த சைவம். வால்நட்டும் ரொட்டியும் வச்சே 2 நாள் ஓட்டிடலாமா, இல்ல குக்கரைத் தூக்கிட்டுப் போகவா? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.