ஏர் பெட் போட்டும் வால் எலும்பு மேல் சிவப்பு: எங்கே தப்பு?

நீலக்குடை:
அம்மாவுக்கு 81 வயது, 50 கிலோ. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. மோட்டார் வைத்த ஏர் பெட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுகிறோம். பகலில் பெரும்பாலும் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்த மாதிரி வைக்கிறோம். அப்படியும் வால் எலும்புக்கு மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. தோல் உரியவில்லை. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வைக்கலாமா? எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகுமா?

படுக்கையோரம்:
இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்துவதால் நடுவில் இருக்கும் தோலுக்கு வருகிற ரத்தம் இன்னும் குறையும். சிவந்த இடத்துக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே நைந்திருக்கும், நீவினால் அவையும் போய்விடும்.

முதலில் அது எந்தச் சிவப்பு என்று பாருங்கள். விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுக்கவே இல்லை என்றால், தோல் உரியாவிட்டாலும் அது முதல் நிலைப் படுக்கைப்புண்தான். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அப்போது புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் உள்ளே சதை அழிய ஆரம்பித்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்துவது அந்தப் பகல்நேரச் சாய்வு. தலைமாட்டை 45, 60 டிகிரிக்கு ஏற்றினால் உடம்பு மெல்ல மெல்லக் கால்மாட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் இறங்கும். நடுவில் மாட்டிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நெரியும். மெத்தை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இழுவையைத் தடுக்காது. சும்மா இருக்கும் நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். சாப்பிடும்போது புரையேறாமல் இருக்க உயர்த்தித்தான் ஆக வேண்டும். முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து மடக்கிவிட்டு, அப்புறம் தலைமாட்டை ஏற்றினால் வழுக்குவது நன்றாகக் குறையும்.

காற்றறை:
ஏர் பெட்டையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். அவர் படுத்திருக்கும்போதே, ஏர் பெட்டுக்கும் அதன் கீழ் இருக்கும் மெத்தைக்கும் நடுவில், வால் எலும்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி கையை விடுங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டரை சென்டிமீட்டர் காற்றாவது தெரிய வேண்டும். ஏர் பெட்டுக்குள் இருக்கும் காற்று அறைகள் மாறி மாறி ஊதி இறங்கும் என்பதால் அந்த இடம் ஊதியிருக்கும் நேரத்தில் பாருங்கள். தலைமாட்டை உயர்த்தி வைத்தும் ஒரு தடவை பாருங்கள். படுக்கும்போது பாஸ் ஆகிற மெத்தை சாயும்போது ஃபெயில் ஆகும், எடை முழுக்க இடுப்பில் இறங்குவதால்.

மோட்டாரில் இருக்கும் திருகு எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டியது. "நிறைய காற்று நல்லது" என்று முழுசாகத் திருகி வைத்தால் பலகை மாதிரி விறைத்துவிடும். மேலே என்ன விரித்திருக்கிறீர்கள்? மெல்லிய துணி ஒன்று, தளர்வாக, போதும். ரப்பர் ஷீட், மடித்த போர்வை, அதன் மேல் இன்னொரு பேட் என்று அடுக்கினால் அடியில் காற்று ஏறி இறங்குவது உடம்புக்குப் போய்ச் சேராது. வியர்வையும் தங்கிவிடும். குழாய் கட்டில் சட்டத்தில் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கரண்ட் போனால் பல மாடல்களில் காற்று இறங்கிவிடும், அதனால் வெறும் பலகை மேல் நேரடியாக இதைப் போடக் கூடாது.

நீலக்குடை:
திருகு கடைசி வரை இருந்தது, மேலே மூன்று அடுக்கு. இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இப்போது கை சோதனையில் இடைவெளி இருக்கிறது. சிவப்பை அழுத்தினால் வெளுக்கிறது. ஆனால் முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு மேலும் சிவக்கிறதே?

படுக்கையோரம்:
முழு ஒருக்களிப்பு வேண்டாம், தொடை எலும்பின் மேல்முட்டு மொத்த எடையையும் வாங்கும். 30 டிகிரி மட்டும் சரியுங்கள். முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை, அது வால் எலும்பைத் தொடக் கூடாது. பிறகு அடியில் கை விட்டுப் பாருங்கள், வால் எலும்பும் இடுப்பு முட்டும் இரண்டுமே அழுத்தமில்லாமல் இருக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. கெண்டைக்காலுக்கு நீளவாக்கில் ஒன்று கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு தாள் தடையில்லாமல் போய் வந்தால் சரி.

நகர்த்தும்போது இழுக்காதீர்கள். தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு துணியை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும். விழுந்த இடது கையைப் பிடித்துப் புரட்டவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும்.

ஈரத்துணி:
இரண்டு மணி நேரம் என்பது வேதவாக்கு இல்லை. புரட்டிய பிறகு அரை மணி கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால், அந்தப் பக்கம் வைக்கும் நேரத்தைக் குறையுங்கள். நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பாதம் கீழே முழுசாக ஊன்றியிருக்க வேண்டும்.

டயபர் நனைந்து கிடந்தால் தோல் ஊறி, சின்ன உரசலுக்கே பிய்ந்துவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு க்ரீமை மெல்லிசாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி உரசும்.

புரதம் குறைந்தால் புண் ஆறுவது தாமதமாகும். சரியாகச் சாப்பிடாத, புண் வரக்கூடிய முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் என்பார்கள், 50 கிலோவுக்கு நாளுக்கு 62 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

காற்றறை:
ஒன்று விட்டுப்போனது. யூரின் ட்யூப் இருந்தால் தொடைக்கு அடியில் போகவிடாதீர்கள், மேலே போகட்டும். அடியில் மாட்டினால் ஒரே இரவில் ட்யூபின் தடம் அப்படியே புண்ணாகிவிடும். தோல் உரிந்துவிட்டால் சலைனில் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால், ஆறிவரும் புதுச் சதையையும் அது சேர்த்து அரித்துவிடும்.