ரிஸ்க்-ஃபைவ் போர்டில் ஆனி மாத வறட்சி

புளியரைச் சாரல்:

ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று இன்டெல் அல்லாத வகை சிப்பில் அறிவியல் மென்பொருளை ஏற்றிப் பார்த்து அடி வாங்கியவர்கள் நம் எல்லைப் பக்கத்தில் யாராவது இருந்தால் எழுதுங்கள். முதல் அடி என்னுடையது.

நானும் இரண்டு நண்பர்களும் ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் வைத்திருக்கிறோம். மழைமானிக் கணக்கைக் கொடுத்தால் மழை நாள் எத்தனை, வறண்ட நாள் எத்தனை, தொடர்ந்து எத்தனை நாள் வறட்சி என்று பிரித்துத் தரும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது மழை நாள் இல்லை, வானிலைத் துறையின் கணக்கு அதுதான். போன வருஷம் விஷன்ஃபைவ் 2 என்று ரிஸ்க்-ஃபைவ் சிப் வைத்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு வாங்கினேன். நாலு கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ், 8 ஜிபி. டெபியன் 13 லினக்ஸ் ரிஸ்க்-ஃபைவையும் முறைப்படி சேர்த்துக்கொண்டுவிட்டது, ஆர் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது, அப்புறம் நம் பேக்கேஜுக்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

முதலில் கம்பைல் ஆகவே இல்லை, அதாவது நிரல் சிப்புக்குப் புரிகிற கட்டளையாக மாறவே இல்லை. நாங்கள் உள்ளே சேர்த்து வைத்திருந்த ஒரு பழைய சி லைப்ரரியில், எந்த வகை மெஷின் என்று அடையாளம் பார்க்கிற கான்ஃபிக்.கெஸ் கோப்பு ரொம்பப் பழசு, ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயரையே அது கேள்விப்பட்டதில்லை. புதுசை எடுத்துப் போட்டேன். அடுத்து மேக்ஃபைலில் யாரோ (நான்தான்) எப்போதோ எழுதிய மைனஸ் எம்64 (64 பிட்டுக்குக் கம்பைல் செய் என்ற ஆப்ஷன்), அந்த கம்பைலருக்கு அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது. அதையும் எடுத்தேன். இதெல்லாம் நல்ல பக், முகத்துக்கு நேரே திட்டிவிட்டு நின்றுவிடும்.

டெஸ்ட் எல்லாம் பாஸ். சந்தோஷமாக ஆரியங்காவுப் பக்கத்து எஸ்டேட் மானிக் கணக்கைப் போட்டால், ஜூன் மாதத்தில் தொடர்ந்து 11 நாள் வறட்சி என்கிறது. அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னதும், "ஆனி மாசத்துல பதினோரு நாள் மழையில்லையா? அப்ப நான் எதுக்குல துணியை அடுப்பு மேல காயப்போட்டேன்?" என்று கேட்டாள்.

அந்த 11 நாளும் மானி பார்க்கிற வாட்ச்மேன் மாமா மகள் பிரசவத்துக்குப் புனலூர் போயிருந்த நாட்கள். நோட்டில் வெறும் கோடு. ஆர் மொழியில் அது என்.ஏ., அதாவது அளக்கவில்லை. அந்த என்.ஏ. தனியாக ஒரு ஜாதி இல்லை, அதுவும் நேன் தான். எண் அல்லாதது என்பதைக் குறிக்கும் நேனின் உள்ளே, காலியாகக் கிடக்கும் பிட்களில் 1954 என்ற எண்ணை ஒளித்து வைத்து, 1954 இருந்தால் என்.ஏ., இல்லாவிட்டால் சாதா நேன் என்று ஆர் அடையாளம் பார்க்கிறது. மாமாவின் மானி அந்தக் காலத்து அங்குல மானி, அதனால் எல்லாவற்றையும் 25.4 ஆல் பெருக்குகிறோம். இன்டெல்லில் என்.ஏ.வை எந்தச் சாதா எண்ணால் பெருக்கினாலும் அந்த 1954 அப்படியே கூட வரும். ரிஸ்க்-ஃபைவில் வராது. கணக்கின் விடை நேன் என்றால் உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டு ஒரே மாதிரியான சுத்த நேனைக் கொடு என்பது அதன் விதி. குறை சொல்ல முடியாது, எழுதிவைத்துவிட்டுத்தான் செய்கிறார்கள்.

எங்கள் சி நிரலோ, என்.ஏ.வா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் 2.5 அல்லது அதற்கு மேலா என்று கேட்கும். நேனை எதோடு ஒப்பிட்டுப் பெரிதா, சிறிதா, சமமா என்று கேட்டாலும் இல்லை என்றுதான் பதில் வரும், ஆக நேரே வறண்ட நாள் கணக்கில் போய் விழுந்துவிட்டது. மாமா ஊரில் இல்லாததால் மழையும் இல்லை! டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை என்றால், அது ஆர் மட்டத்தில்தான் பார்க்கிறது, அங்கே என்.ஏ.வா என்று கேட்டால் நேனுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லும். திருத்தம் ஒரே எழுத்து: ஐஎஸ்என்ஏ என்று இருந்ததன் கடைசியில் இன்னொரு என். அதைக் கண்டுபிடிக்க ஒன்பது ராத்திரி ஆனது.

குழித்துறை ஆத்துக்காரன்:

அண்ணே, வறட்சியாவது பரவாயில்லை, எனக்கு ஆறே காணாமல் போனது. நிலத்தின் உயரக் கணக்கை வைத்து எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குத் தண்ணீர் ஓடும் என்று சொல்கிற பழைய சி நிரல், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்கு 0 முதல் 7 வரை எண், வழியே இல்லாத பள்ளத்துக்கு மைனஸ் 1. மெமரியை மிச்சம் பிடிக்க அதை ஒரே பைட் பிடிக்கிற கேர் வகையில் வைத்திருந்தார்கள். ஆர்ம் சிப் வைத்த ராஸ்பெரி பை 4 போர்டில் ஓட்டினேன். ஆர்ம் லினக்ஸில் கேர் என்றால் குறியில்லாத (மைனஸ் இல்லாத) எண், மைனஸ் 1 போட்டால் 255 ஆகிவிடும், பள்ளமா என்று பார்க்க நிரல் கேட்கும் பூஜ்யத்துக்குக் கீழேயா என்ற கேள்விக்கு எந்தக் காலத்திலும் ஆமாம் வராது. படத்தில் குழித்துறை ஆறு திக்குறிச்சி வரை வந்து மாயமாகிவிட்டது.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அந்த நிரலைப் பராமரிக்கிற மெயின்டெய்னரிடம் சொன்னேன், "என் எம்1 மேக்கும் ஆர்ம்தான், அதில் சரியாக ஓடுகிறதே" என்று மூடிவிட்டார். மேக்கில் ஆப்பிள் கேரைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரே சிப் குடும்பம், இரண்டு வழக்கம். மூன்று வாரம் சண்டை போட்டு, கடைசியில் கேருக்கு முன்னால் சைன்ட் (குறியுள்ள) என்று ஒரு வார்த்தை சேர்த்து பேட்ச் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷர்தான்.

கொழிஞ்சாம்பாறை:

ஒரு சந்தேகம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் திருவனந்தபுரத்தில் செய்த வேகா சிப் வைத்த ஏரீஸ் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, அதுவும் ரிஸ்க்-ஃபைவ்தானே, அதில் ஆர் ஓடுமா?

புளியரைச் சாரல்:

ஓடாது தம்பி. அதிலிருக்கும் தேஜஸ்32 வெறும் 100 மெகாஹெர்ட்ஸ், 256 கேபி மெமரி, தசமக் கணக்குக்கு ஹார்டுவேரே இல்லை. ஆனால் மழைமானிக்குள் வைத்து வாளி கவிழ்வதை எண்ண அது தாராளம். செய்தால் சொல்லு, மாமாவுக்கும் ஓய்வு கிடைக்கும்.

நகரித் தறிக்காரர் மகள்:

என் கதையில் புது சிப் சொன்னதுதான் அதிக சரி, அதனால்தான் யாரும் நம்பவில்லை. ஆர்ம் சர்வரில் எங்கள் மூலக்கூறு நிரலின் டெஸ்ட் 40க்கு மேல் ஃபெயில், எல்லாமே பதினாறாவது இலக்க வித்தியாசம். பெருக்கிக் கூட்டுவதை அந்த சிப் ஒரே கட்டளையில் செய்யும், கடைசி இலக்கத்தை இரண்டு தடவை முழுமையாக்காமல் (ரவுண்ட் செய்யாமல்) ஒரே தடவை. ஜிசிசி கம்பைலர் அதைக் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளும். பழைய 64 பிட் இன்டெல்லுக்குப் பொதுவாகக் கம்பைல் செய்யும்போது அந்தக் கட்டளை கிடையாது. எங்கள் சார் "விடை தப்பு" என்றே நின்றார். இப்படிச் சேர்த்துச் செய்யச் சொல்லும் எஃப்பி-கான்ட்ராக்ட் ஆப்ஷனை ஆஃப் செய்து காட்டியதும் பழைய விடை அச்சு அசலாக வந்தது, அப்புறம்தான் இறங்கி வந்தார்.

ஆனால் ஒரு இடத்தில் நிஜமாகவே கடித்தது. ஏ வர்க்கத்திலிருந்து பி வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கும் வரி. இரண்டும் சமம் என்றால் பூஜ்யம்தானே? ஒரு வர்க்கம் முழுமையாக்கப்பட்டும் இன்னொன்று அப்படியேயும் இருப்பதால் துளியூண்டு மைனஸ் வந்து, வர்க்கமூலம் நேன். அங்கிருந்து எல்லா அணுவும் நேன். ஏ, பி இரண்டின் கூட்டலை அவற்றின் கழித்தலால் பெருக்குவதாக மாற்றி எழுதியதும் சரியானது. அண்ணா, உங்கள் போர்டிலும் இது வரும், பாருங்கள்.

புளியரைச் சாரல்:

பார்த்தேன்மா. கரண்ட் போய் ராத்திரி பத்தரைக்குத்தான் வந்தது. ஏ, பி இரண்டுக்கும் 0.1 கொடுத்து வர்க்கங்களைக் கழித்தேன், பூஜ்யம் வரவில்லை, பத்தின் மைனஸ் 19 அடுக்கில் ஒரு எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பேக்கேஜில் வர்க்கமூலம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன், ஏழு இடம். நாலைப் பார்த்துவிட்டேன், மீதி நாளைக்கு.