அலுவலகத் தாளில் மடித்த கொக்கு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கணக்குப் பிரிவு எழுத்தர்:

பத்திரப் பதிவுக்காகக் காத்திருந்த ஒரு நாளில் சர்வர் நின்றுபோயிருந்தது. எதிர் நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர், கழித்துப் போட்ட ஏ4 அச்சுத்தாள் ஒன்றை அலுவலக உதவியாளரிடம் கேட்டு வாங்கி, அழுதுகொண்டிருந்த சிறுமிக்குச் சிறகடிக்கும் கொக்கு மடித்துக் கொடுத்தார். கொக்கை மடிக்கும் முறை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விவரிக்கவில்லை. என் மனத்தை விட்டு நீங்காதது, மடிப்பதற்கு முன் அவர் செய்த ஒரு செயல். தாளின் எதிரெதிர் ஓரங்களைச் சேர்த்து, மடிப்பு விழாதபடி மெதுவாக வளைத்தார்; பிறகு தாளைத் திருப்பி மறுவாட்டத்திலும் வளைத்தார்; கண்களை மூடி விரல்களால் எதையோ உணர்ந்தவராகத் தலையசைத்துவிட்டு, அச்சிட்ட பக்கம் உள்ளே போகுமாறு வைத்துக்கொண்டு தொடங்கினார். தாளைச் சதுரமாக்க, மிஞ்சிய பட்டையை நகத்தால் அழுத்தி, முன்னும் பின்னும் மடித்துக் கிழித்தார். ஓரத்தில் பிசிறே இல்லை. வாலை இழுத்தபோது சிறகுகள் அசைந்தன. “இன்னொரு தடவை, தாத்தா” என்று அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. என்னை உள்ளே அழைத்தார்கள்; நான் திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். அவர் தாளில் எதைச் சோதித்தார் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைண்டிங் வேலை செய்பவர்:

அவர் பார்த்தது கிரெயின், அதாவது தாளில் நார் ஓடும் திசை. ஆலையில் தாள் உருவாகும்போது கூழிலுள்ள நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. நாரின் வாட்டத்திலேயே வளைத்தால் தாள் எளிதில் இணங்கும். நாருக்குக் குறுக்கே வளைத்தால் எதிர்க்கும். எனக்கு இதைக் கற்றுத் தந்த மேஸ்திரி, முழு ஷீட் ஒன்றை மேசைமீது வளைத்து, “கையைத் தள்ளுகிறதா, பார்” என்று ஒரே ஒருமுறைதான் கேட்டார். அந்தத் தள்ளலை என் உள்ளங்கை இன்றும் மறக்கவில்லை.

அலுவலகத் தாளில் மடிக்க விரும்புவோருக்கு, கேட்காமலே சிலவற்றைச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டத்தில்தான் ஓடும். ஐயமிருந்தால் ஒரு துண்டைக் கிழித்து ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது சுருளும்போது, சுருளின் நீளம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதுவே நாரின் திசை. லேசர் பிரிண்டரில் அச்சான தாளில் மை உள்ளே ஊறுவதில்லை. டோனர் தூள் சூட்டில் உருகி மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது, ஆகவே மடிப்பில் வெடித்து உதிரும். பெரியவர் அச்சிட்ட பக்கத்தை உள்ளே வைத்ததற்கு இது காரணமாக இருக்கலாம். மடிப்பை முதலில் விரலால் நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தடவி இடத்தை உறுதி செய்யுங்கள். அதன் பிறகே ஸ்கேலின் ஓரத்தால் அழுத்துங்கள். 80 ஜிஎஸ்எம் தாள், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள், சிறிய உருவங்களுக்குத் தடிமனானது. கொக்கின் கழுத்தில் அடுக்குகள் சேரும்போது நுனி மழுங்கிவிடும். உண்மையாகவே அழகான கொக்கு வேண்டும் என்றால், அலுவலகத் தாளை விட்டுவிட்டு இதற்கென விற்கும் மெல்லிய ஜப்பானியச் சதுரத் தாளை வாங்குவதே முறை.

கணித ஆசிரியை:

மேலே எழுதியிருப்பவர் நாரைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் கொக்குக்கு அது பொருந்தாது. கொக்கின் அடிப்படை மடிப்புக்கோடுகள் மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒன்றுக்கொன்று பிம்பமாக அமைபவை. ஆகவே சதுரத்தில் நார் நெடுக்கே ஓடினாலும் குறுக்கே ஓடினாலும், கிடைப்பது அதே கொக்கின் இடவல மாற்றம்தான். பெரியவர் தாளின் விறைப்பைக் கணித்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கும் மறக்க முடியாத ஒரு நொடி உண்டு. ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்த பெண், நான் கொண்டுபோன தாள் ஏ4 அளவுதானா என்பதை ஸ்கேல் இல்லாமலே கண்டறிந்தார். குறுகிய பக்கத்தை நீண்ட பக்கத்தின்மீது படியவைத்துச் சாய்வாக மடித்தார். பிறகு மடிக்காத நீண்ட ஓரத்தை அந்தச் சாய்கோட்டின்மேல் கொண்டுவந்து வைத்தார். இரண்டின் முனைகளும் மயிரிழையும் பிசகாமல் பொருந்தின. 210 மில்லிமீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 297 மில்லிமீட்டர். ஏ4 தாளின் நீளமும் அதுவே. 1922ஆம் ஆண்டு ஜெர்மனியில் தரப்படுத்திய இந்த அளவு வரிசையில், எந்தத் தாளைப் பாதியாக மடித்தாலும் பக்க விகிதம், அதாவது இரண்டின் வர்க்கமூலம், மாறாது. வகுப்பில் இரண்டின் வர்க்கமூலத்தைப் பலமுறை எழுதிக் காட்டிய எனக்கு, அதைக் கையில் மடித்துக் காட்டியவர் அந்தப் பெண்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்:

“அழகான கொக்குக்கு ஜப்பானியத் தாளை வாங்குங்கள்” என்ற வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. ஹிரோஷிமாவில், 1958ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குழந்தைகள் அமைதி நினைவுச் சின்னத்தின் அருகே நான் நின்றிருக்கிறேன். கண்ணாடிப் பேழைகளில் உலகெங்கும் இருந்து வந்த கொக்குகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. அந்தச் சின்னம் எழக் காரணமான சிறுமி, அணுகுண்டு வீச்சுக்கு உள்ளானபோது இரண்டே வயதான சடாகோ சசாகி, பின்னாளில் ரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் சேர்ந்து, 1955 அக்டோபரில் இறந்தாள். படுக்கையில் இருந்தபடி அவள் கொக்குகளை மடித்தபோது நல்ல தாள் எளிதில் கிடைக்கவில்லை. மருந்து சுற்றிய தாள்களையும் பயன்படுத்தினாள். நான் அங்கே பார்த்த ஒரு சரத்தில், வரி போட்ட நோட்டுத்தாளில் மடித்த கொக்கு ஒன்று இருந்தது. சிறகின் குறுக்கே நீலக்கோடுகள் ஓடின. பட்டுப்போன்ற தாள்களுக்கு நடுவே என் கண் அதிலேயே நின்றது. கழுத்து நுனி மழுங்கியிருந்தால் என்ன குறை என்று பைண்டிங் நண்பரை வருத்தத்துடன் கேட்கிறேன்.

பள்ளி அலுவலக உதவியாளர்:

எல்லோரும் தாளைச் சதுரமாக்கிவிட்டே பேசுகிறீர்கள். எங்கள் தலைமை எழுத்தர் பணி ஓய்வு பெற்ற மாலையில், ஒவ்வொருவர் மேசையிலும் குண்டூசி வைக்க ஒரு காகிதப் பெட்டி இருந்தது; யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கத்தரியும் பசையும் படாத பெட்டி. என் பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே அவர் கைப்பட எழுதிய பழைய கடித வரைவு. அதன்மேல் மடிப்புக்கோடுகள் கட்டம் கட்டமாக ஓடின. அந்தக் கோடுகளைப் பார்த்தே அய்யாவிடம் கேட்காமல் முறையைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் நீண்ட பக்கங்களுக்கு இணையாக, தாளை நான்கு சம பட்டைகளாகக் கோடிட்டு மடித்துப் பிரியுங்கள். அடுத்து இரண்டு குறுகிய ஓரங்களையும் நடுவில் சந்திக்குமாறு மடியுங்கள். நான்கு மூலைகளையும், முதலில் இட்ட பக்கவாட்டுக் கோடு வரை முக்கோணமாக மடித்தால், நடுவில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான பட்டை மிஞ்சும். அதை முக்கோணங்களின் மேல் வெளிப்புறமாக மடித்து, இரு பட்டைகளையும் பிடித்து இழுத்தால் பெட்டி எழுந்து நிற்கும். அந்தப் பட்டைதான் மூலைகளைப் பிரியாமல் பூட்டுகிறது. சதுரத் தாளில் முக்கோணங்கள் நடுக்கோட்டையே தொட்டுவிடுவதால் பட்டை மிஞ்சாது, பெட்டி பூட்டாது. இதற்காகவாவது தாளைக் கிழிக்காமல், மேசையில் கிடக்கும் ஏ4 அளவிலேயே மடித்துப் பாருங்கள்.