பவளங்கள் உள்ள தொட்டியில் அனிமோன் வைக்கலாமா?

ஈசூன்_உப்புத்தொட்டி

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், 90 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவும் உள்ள உப்புநீர்த் தொட்டி ஒன்றை ஐந்து மாதங்களாக வைத்திருக்கிறேன். ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் இணை ஒன்றும், ஒரு டார்ச், இரண்டு ஹேமர் பவளங்களும், பாறையின் அடிவாரத்தில் சில சோவாந்தஸ், காளான் பவளங்களும் அதில் இருக்கின்றன. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடுவதால் வெப்பநிலை 26 பாகையை விட்டு நகர்வதில்லை. ஒப்படர்த்தி (உப்பின் செறிவைக் காட்டுவது) 1.025, நைட்ரேட் 5, ஆல்கலினிட்டி (நீர் அமிலமாகாமல் தாங்கும் திறன்) 8.2 என்ற அளவில் நிற்கின்றன.

மீன்கள் இரண்டும் இரவானால் டார்ச் பவளத்தின் மேல் விழுந்து புரள்கின்றன. பாவம், அது ஒரு வாரமாகச் சரியாக விரிவதே இல்லை. மீன்களுக்கென ஓர் அனிமோன் (கோமாளி மீன்கள் இயற்கையில் அண்டி வாழும் கடல் உயிர்; நம் புத்தகங்கள் கடற்சாமந்தி என்பது இதைத்தான்) வாங்கிவிட்டால் டார்ச் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. கடையில் உள்ளங்கை அகலத்தில், பால் போன்ற வெண்மையில் பபுள் டிப் அனிமோன் ஒன்று இருக்கிறது. எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பழைய_ஸ்கிம்மர்

பவளங்களோடு அனிமோன் வைக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். கடையில் பார்த்த அந்த வெள்ளை அனிமோன் எப்போதுமே வேண்டாம். பபுள் டிப்பின் இயல்பான நிறம் பழுப்பு, பச்சை, ரோஜா ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அதன் திசுக்களுக்குள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கித் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிட்டால்தான் அது வெளுக்கிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும் அது பட்டினியில் கிடக்கும் உயிர். வாங்கும் நாளில் வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் இருக்கிறதா, கடைத் தொட்டியின் கண்ணாடியையோ கல்லையோ விடாமல் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் பிளந்து தொங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஐந்து மாதத் தொட்டி இன்னும் பக்குவப்படவில்லை. உங்கள் அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் இன்று சரியாக இருப்பதைவிட, மாதக்கணக்கில் ஏறி இறங்காமல் இருப்பதே அனிமோனுக்கு முக்கியம். ஓராண்டு கடக்கட்டும்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். பவளம் நாம் வைத்த இடத்தில் இருக்கும், அனிமோனோ தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பாதத்தை இருண்ட பொந்துக்குள் நுழைத்து, உணர்கொம்புகளை வெளிச்சத்துக்கு நீட்ட அது விரும்புகிறது. ஒளியோ நீரோட்டமோ ஒத்துவராவிட்டால் இரவோடு இரவாகப் பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். போகிற வழியில் உரசும் எல்லாவற்றையும் கொட்டும். டார்ச்சும் ஹேமரும் கொட்டக் கூடியவைதாம், என்றாலும் அனிமோனோடு நடக்கும் சண்டையில் பெரும்பாலும் பவளமே தோற்கிறது. இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அனிமோனை முதலில் குடியேற்றி, அது ஓரிடத்தில் நிலைத்த பிறகே சுற்றிலும் பவளங்களை வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் வரிசை மாறிவிட்டது. ஆழமான பொந்துள்ள தனிப் பாறை ஒன்றைத் தொட்டியின் ஒரு கோடியில் வைத்து, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணலாக விட்டுவிடுங்கள். பபுள் டிப் மணலைக் கடக்கத் தயங்கும், ஆனால் கடக்கவே கடக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

கொட்டுவது மட்டுமன்றி, இவை நீரில் கலக்கும் வேதிப்பொருள்களாலும் ஒன்றையொன்று ஒடுக்குகின்றன. வடிகட்டியில் எப்போதும் கரி இருக்கட்டும்.

கடலோரப்பறவை

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் விசிறியை) மூடாமல் அனிமோனை இறக்காதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கதவைத் திறந்ததுமே அழுகிய இறால் வாடை முகத்தில் அடித்தது. தண்ணீர் கஞ்சி போல் கலங்கிக் கிடந்தது, ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவியின்) கிண்ணம் பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது. வேவ்மேக்கரின் கம்பி இடுக்கில், நனைந்த டிஷ்யூவைப் பிய்த்து அடைத்தாற்போல் அனிமோனின் மிச்சம் சிக்கியிருந்தது. அன்றிரவே பாதித் தண்ணீரை மாற்றியும் இரண்டு மீன்களும், ஒரு பெரிய ஹேமரும் போய்விட்டன. அந்த அனிமோன் ஒன்பது மாதம் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்துக்காரன்

உங்கள் மீன்களுக்கு அனிமோன் தேவையா என்பதையே நான் முதலில் கேட்பேன். ஒசெல்லாரிஸ் இயற்கையில் மேக்னிஃபிகா, ஜைகாண்டியா, மெர்டென்சி என்ற மூன்று வகை அனிமோன்களோடு மட்டுமே வாழ்கிறது. பபுள் டிப் அதன் சொந்த வீடு அன்று. தொட்டியில் பல ஒசெல்லாரிஸ்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன, சில ஆண்டுக்கணக்கில் திரும்பியும் பார்ப்பதில்லை. நீங்கள் நூறு சிங்கப்பூர் வெள்ளி செலவழித்து வாங்கிய பிறகும் அவை டார்ச்சிலேயே படுத்துறங்கினால் என்ன செய்வீர்கள்? எங்கள் ஊர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன்களைப் பார்த்திருக்கிறேன். பாறைகூட இல்லாத வெறும் தொட்டிகளிலேயே அவை நன்றாக வளர்கின்றன.

வாங்குவதானால் நீண்ட காலப் பொறுப்பென்று எண்ணி வாங்குங்கள். ஸ்காட்லாந்தில் சர் ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்து வந்த ஓர் அனிமோன், அவர் மறைந்த பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை கண்ணாடிச் சாடியில் உயிரோடு இருந்தது. அது வேறு இனம், குளிர்நீர் இனம். இருந்தாலும் ஆறே மாதத்தில் நம் தொட்டியில் ஒன்று செத்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு அன்பர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவில் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளன. டார்ச்சும் ஹேமரும் அந்த வகையில்தான் அடங்கும்.

ஈசூன்_உப்புத்தொட்டி

மூவருக்கும் நன்றி. வெள்ளை அனிமோனை விட்டுவிட்டேன். நேற்று டார்ச்சை மீன்களுக்கு எட்டாத மூலைக்கு மாற்றினேன். இன்று காலை அவை வேவ்மேக்கரின் பின்புறம் ஒண்டிக்கொண்டிருந்தன, டார்ச் பாதி விரிந்திருந்தது. அடுத்த ஆண்டு வாங்கினால், பஞ்சு உறை போட்டு மூடிய வேவ்மேக்கரில் நீரோட்டம் குறைந்துவிடாதா என்பது மட்டும் கேள்வி.

பழைய_ஸ்கிம்மர்

குறையும். உறையில் அழுக்கு சேரச் சேர இன்னும் குறையும். இரண்டு உறைகள் வாங்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றி மாற்றி அலசிப் போடுங்கள். சிறு துளை வலை உறை கிடைத்தால் பஞ்சைவிட அது மேல்.