எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரை நிறுவனத்துக்கு எடுக்கலாமா?

கணக்கன்:
எங்கள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவுக்கு ஓர் ஆள் எடுக்கிறோம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் எம்.பி.ஏ., இன்னொருவர் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை. இரண்டாமவரைத்தான் எடுக்க வேண்டும் என்று என் பங்குதாரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு ஒப்பவில்லை. சமூகப்பணி படித்தவர் தொண்டு நிறுவனத்துக்குப் போக வேண்டியவர். சம்பளப் பட்டியலும் ஒப்பந்தமும் அவருக்கு எங்கே தெரியும்? எடுக்கலாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள். மனிதநேயம் அதிகம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

ஆள்பிடி:
மனிதநேயத்தை விடுங்கள், பயிற்சியைப் பாருங்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்.டபிள்யூ. என்றால் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்திருக்க வேண்டும். இளங்கலைக்கே 400. சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரவும் முடியாது. ஒருவரிடம் பேசிவிட்டு வந்தால், அவர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, அப்போது எனக்குள் ஓடியது என்ன என்று வரிக்கு வரி எழுத வேண்டும். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, "அவர் அழ ஆரம்பித்ததும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று கேட்பார். நான் பத்து வருடமாக ஆள் எடுக்கிறேன். இப்படி ஒரு திருத்தலுக்குள் போய் வந்த எம்.பி.ஏ. ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

அப்புறம், தொண்டு நிறுவனத்துக்குப் போக வேண்டியவர் என்கிறீர்கள். பிரிட்டனில் மனிதவளத் துறையே தொழிலாளர் நலப்பணியிலிருந்து முளைத்ததுதான். 1913-இல் யார்க் நகரத்து ரவுன்ட்ரீ ஆலையில் நலப்பணியாளர்கள் கூடித் தொடங்கிய சங்கம்தான், பல பெயர்கள் மாறி, இன்று அங்கே மனிதவளத்துறையினரின் பட்டயக் கழகமாக இருக்கிறது. அவர்கள் வீட்டில் நாம்தான் குடியிருக்கிறோம்.

நேர்கோடு:
வரலாறு என்றால் முழுதாகச் சொல்லுங்கள். 1915-இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ன சொன்னார்? சமூகப்பணியை இன்னும் முழுத் தொழில் என்று சொல்ல முடியாது, மற்ற வல்லுநர்களைச் சேர்த்துவைக்கும் இடைநிலை வேலைதான் அது என்றார். மருத்துவப் படிப்பையே புரட்டிப்போட்ட அறிக்கையை எழுதியவர் அவர். எனக்கும் அதே சந்தேகம்தான். காதுகொடுத்துக் கேட்பதை இரண்டு நாள் பயிலரங்கில் எந்த மேலாளருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆள்பிடி:
இரண்டு நாளில் தலையாட்டக் கற்றுக்கொடுக்கலாம். ஃப்ளெக்ஸ்னர் சொன்னது அந்தக் காலத்து நிலை. இரண்டே வருடத்தில், 1917-இல், ஒருவரின் நிலைமையை எப்படி விசாரித்து முடிவுக்கு வருவது என்ற முறையைச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் புத்தகமாகவே எழுதிவிட்டார். அதோடு, எந்தச் சிக்கலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருப்பது ஒரு குறை என்றால், அந்தக் குறை எங்கள் அலுவலகத்துக்கு நிறைய வேண்டும்.

மூன்றாம்_ஷிப்ட்:
நான் உற்பத்திப் பிரிவு மேலாளர். தத்துவம் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் நல்ல வேலைக்காரர் ஒருவர் திடீரென்று அடிக்கடி பாதியில் கிளம்பிப்போக ஆரம்பித்தார். இரண்டு மெமோ போயாயிற்று. மூன்றாவது போனால் வேலை போய்விடும். அப்போதுதான் புதிதாகச் சேர்ந்த எம்.எஸ்.டபிள்யூ. பெண் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். நாங்கள் எண்ணிக்கையைப் பார்த்தோம், அவர் கிழமையைப் பார்த்தார். செவ்வாய், வியாழன், சனி. வாரம் தவறாமல் அதே மூன்று நாள். களப்பணியில் சிறுநீரகப் பிரிவில் இருந்தவராம், பார்த்ததுமே டயாலிசிஸாக இருக்குமோ என்று தோன்றியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல ஆகும் சிகிச்சை. வேலைக்காரரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பிறகு என்னிடம் வந்து, அந்த மூன்று நாளும் காலை ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினேன். மெமோ நின்றது. சிகிச்சை அவருடைய அம்மாவுக்கு என்பதையே சில மாதம் கழித்து அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கணக்கன்:
இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் பெண் உங்களிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பது நிறுவனம். நிறுவனத்துக்கே தெரியாமல் ரகசியம் காக்கிற ஆளை நான் எப்படி வைத்துக்கொள்வது?

மூன்றாம்_ஷிப்ட்:
எனக்கும் முதலில் கோபம்தான் சார். ஆனால் யோசித்துப் பாருங்கள், எனக்குத் தேவைப்பட்டது ஷிப்ட் மாற்றம். அது கிடைத்துவிட்டது. என்னிடம் வந்து சொல்லிவிடுவார் என்று தெரிந்திருந்தால் அந்த ஆள் வாயையே திறந்திருக்க மாட்டார்.

நேர்கோடு:
அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சரி. ஒருவன் திருடுகிறேன் என்று சொன்னால்? மிஷினில் கையை விடப்போகிறேன் என்றால்? அப்போதும் ரகசியமா?

வார்டு_எண்_9:
நான் மருத்துவமனையில் சமூகப்பணியாளர். இதற்குப் பதில் எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது. இதை முதல் சந்திப்பிலேயே எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுவோம். திருட்டு போன்றவற்றில் எது வெளியே போகும், எது போகாது என்பதை நிறுவனமும் பணியாளரும் முன்கூட்டியே எழுதிவைத்து எல்லாருக்கும் தெரியப்படுத்த வேண்டும். எழுதாமல் ஆள் எடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாறும்.

ஆனால் நான் "எடுங்கள், எடுங்கள்" என்று சொல்ல வரவில்லை. பல நிறுவனங்கள் எங்களை எடுப்பது ஆட்குறைப்பு நாளில் அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான். வேலைப்பளுவை நிர்வாகம் ஏற்றிக்கொண்டே போகும், மன அழுத்தத்துக்கு நாங்கள் கவுன்சலிங் கொடுக்க வேண்டும். எங்கள் படிப்பின் அடிப்படையே ஆளை மட்டும் பார்க்காதே, அவர் இருக்கும் சூழலையும் பார் என்பது. ஒரே பிரிவிலிருந்து ஆறு பேர் தூக்கம் வரவில்லை என்று வந்தால், பெயர்களை விட்டுவிட்டு அந்தப் பிரிவு மேலாளரைப் பற்றி முதலாளியிடம் பேசும் உரிமை வேண்டும். அது இல்லையென்றால் எம்.பி.ஏ.வையே எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆள் தப்பித்தார்.

நேர்கோடு:
பார்த்தீர்களா கணக்கன்? தொழிலாளர் பக்கம் சாய்வார்கள் என்று நான் பயந்தது இதைத்தான்.

ஆள்பிடி:
சாய்வு இல்லை அது. மேரி பார்க்கர் ஃபாலெட் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1920-களில் தொழிலதிபர்களுக்கு நிர்வாகம் பற்றி உரையாற்றியவர். அதற்கு முன் பல வருடம் பாஸ்டனில் சமூக மையங்களில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன ஒரு சம்பவம்: நூலகத்தில் ஒருவருக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூட வேண்டும். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, இவர்மேல் வாடைக்காற்று படவில்லை. இருவர் பக்கமும் சாயாமல், இருவருக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்கிற வேலை.

நேர்கோடு:
பக்கத்து அறை இல்லாத நிறுவனங்கள்தான் அதிகம் நண்பரே. சம்பளத்தை ஏற்றச் சொல்கிறான், காசு இல்லை. எந்த ஜன்னலைத் திறப்பீர்கள்?

வார்டு_எண்_9:
அதில் அவர் சொல்வது சரி. சம்பளப் பிரச்சினையைச் சமூகப்பணியாளர் தலையில் கட்டாதீர்கள்.

கணக்கன்:
சரி, நேர்காணலில் என்ன கேட்டால் ஆள் தேறுவாரா என்று தெரியும்? அதைச் சொல்லுங்கள்.

ஆள்பிடி:
களப்பணியில் சொதப்பிய ஒரு கேஸைச் சொல்லச் சொல்லுங்கள், பெயர் இல்லாமல். பெயரையோ ஊரையோ உளறினால் அங்கேயே நிராகரித்துவிடலாம். வெறும் வெற்றிக்கதையாக ஓட்டினாலும் எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் அந்த வருகைப் பதிவேடு மாதிரி ஒன்றை இருவரிடமும் கொடுங்கள், எம்.பி.ஏ.விடமும்தான். அவர் கிழமையைக் கவனித்தால் அவரையே எடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கணக்கன்:
பதிவேட்டைத் திங்கள்கிழமை கொடுக்கிறேன். ரகசிய விதிகளை எழுதித்தரச் சொல்லிப் பங்குதாரரிடம் சொல்லிவிட்டேன். சம்பளப் பட்டியல் யார் போடுவது என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம்_ஷிப்ட்:
எங்களிடம் அதைக் கணக்குப் பிரிவே போடுகிறது சார்.